வரிசையில் முன்னால் நின்றது யார்?

லேமினேட் போட்ட அந்தச் சின்ன அட்டையை உம்மே ஹானி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். முன்பக்கம் தார் பூசினாற்போல முழுக்கக் கறுப்பு. திருப்பினாள். பின்பக்கம் சாம்பல். எழுத்தென்று ஒரு புள்ளி இல்லை.

“இதுதான் ரசீதா, சாச்சா?”

“இதேதான் பேட்டி.” மகளே என்று உருதுவில் விளிப்பது கரீமுல்லாவின் வழக்கம். “தொலைஞ்சிடக் கூடாதுன்னு நான்தான் லேமினேட் போடக் கொடுத்தேன். மெஷினுக்குள்ள போறப்போ வெள்ளையாத்தான் போச்சு. வெளிய வர்றப்போ இப்படி வந்துச்சு.”

“சூடு பட்டா கறுக்கிற பேப்பர் அது,” என்றாள் ஹானி.

கதவருகே நின்றிருந்த வேலுவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பத்திரமாத்தான் கீது பாய். இன்னும் நூறு வருஷம் போனாலும் ஒருத்தனும் படிக்க முடியாது.”

யாரும் சிரிக்கவில்லை. பெரியவரின் கண் கலங்கியதைப் பார்த்ததும் வேலுவுக்குச் சொன்னதை அப்படியே திரும்ப விழுங்கிவிடலாமா என்றிருந்தது.

தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்சந்தில், ஒரு வளையல் கடையின் மாடியில் இருந்தது ஹானியின் துப்பறியும் அலுவலகம். இருபது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கோர்ட்டுக் கட்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, அதில் கற்றதை வைத்து இந்தத் தொழிலுக்கு வந்தவள். வேலு அவளுடைய உதவியாள். சொந்த ஆட்டோ வைத்திருந்தான். ஆற்றங்கரையில் பிறந்து, குடிசைகளைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்ட பிறகும், தினம் விடிந்தால் ஊருக்குள் வந்து நிற்பவன். அவனுக்குத் தெரியாத சந்து மயிலாப்பூரில் கிடையாது. அவனிடம் வாய் கொடுத்து ஜெயித்த ஆளும் கிடையாது.

விஷயம் இதுதான். கரீமுல்லா திருவல்லிக்கேணியில் பள்ளிவாசல் பக்கம் அத்தர் விற்பவர். அவருடைய ஒரே மகள் ரூஹி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று அவள் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். சீட்டில் எழுதியிருந்ததைத்தான் கொடுத்தேன், சீட்டைப் பிறகு மாற்றியிருக்கிறார்கள் என்பது ரூஹியின் கட்சி. அதைச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே வழி மேல்முறையீடு. கடைசி நாள் ஜூலை பத்து, புதன்கிழமை. பதிவுத் தபாலில் அனுப்பினால் அனுப்பிய நாளே தாக்கல் செய்த நாள் என்று உத்தரவிலேயே அச்சாகியிருந்தது. வக்கீல் டைப் அடித்துக் கொடுத்த மனுவை அன்று மத்தியானமே மயிலாப்பூர் தபால் நிலையத்தில் தன் கையால் அனுப்பினார் கரீமுல்லா.

அடையாற்றில் இருந்த மேல்முறையீட்டு அலுவலகம் வேறு கதை சொன்னது. மனு பதினைந்தாம் தேதிதான் வந்தது. கவரைக் கிழித்துப் போட்டாயிற்று. எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பதற்கு ரசீது காட்டுங்கள், இல்லாவிட்டால் தள்ளுபடி. காட்ட வேண்டிய நாள் இன்று, ஜூலை இருபத்தைந்து. நேரம், மாலை நான்கு.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால்.

“தபால் நம்பரை எங்கயாவது எழுதி வெச்சீங்களா? ஒப்புகை அட்டை கொடுத்தீங்களா?”

“அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது பேட்டி.”

ஹானி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். “வேலு, வண்டிய எடு.”

*

மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் பாதி சாலையை மறித்திருந்தார்கள். சுற்றிச் சுற்றித் தபால் நிலையம் போய்ச் சேர ஒன்று நாற்பது ஆகிவிட்டது. பதிவுத் தபாலுக்கு ஒரே ஜன்னல்தான் திறந்திருந்தது. வாசலோரத்து ஸ்டாண்ட் ஃபேன் காற்று முதுகில் அடிக்க, வேலு வரிசையில் நின்றான். குப்பென்று பாக்கு வாடை மூக்கில் ஏறியது.

“இன்னா நைனா,” என்று முன்னால் நின்றவரின் முதுகைத் தட்டினான். “போஸ்டாபீஸ்ல வந்து பாக்கு மென்னுகினு கீற?”

அந்த ஆள் திரும்பி, வாயை ஆவென்று திறந்து காட்டினார். உள்ளே பாக்கு மட்டுமல்ல, முக்கால்வாசிப் பல்லும் இல்லை. வேலு கையெடுத்துக் கும்பிட்டான்.

ஜன்னலில் இருந்த அம்மாள் பொறுமையாகத்தான் பேசினார். “நம்பர் கொடுங்க, ஒரு நிமிஷத்துல சொல்றேன். பேரை வெச்சுத் தேட முடியாதுங்க. எழுதிக் கொடுத்தீங்கன்னா மேல அனுப்புவேன். பதில் வர பத்து நாள் ஆகும்.”

“எங்களுக்கு ரெண்டு மணி நேரந்தான் இருக்கு,” என்றாள் ஹானி.

அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கி, அடுத்தவரின் கவரை வாங்கினார். பக்கத்தில் இருந்த சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்தார், கவரில் ஒட்டினார். அடுத்த கவர். சுருளில் அடுத்த ஸ்டிக்கர். ஹானி நகராமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ஒட்டுறத வேடிக்கை பாக்க வந்தமா?”

“நம்பரெல்லாம் வரிசையா வருது வேலு. சாச்சாவோட நம்பர் போனா போகட்டும். அவருக்கு முன்னாடி நின்னவங்க ரசீது கிடைச்சா, அதுக்கு அடுத்த நம்பர் அவரோடது.”

வேலு ஒரு கணம் யோசித்தான். “சூப்பரு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நின்ன ஆளு. பேரு தெரியாது, ஊரு தெரியாது. மெட்ராஸ்ல மொத்தம் ஒரு கோடி பேரு. ஈசியாப் புட்ச்சிடலாம்.”

கரீமுல்லா ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஹானி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“சாச்சா, அன்னிக்கு உங்களுக்கு முன்னாடி யார் நின்னாங்க?”

“லுஹர் தொழுதுட்டு வந்தேன். மூணரை இருக்கும். முன்னாடி ஒரு அம்மா. பொம்பளைங்க முகத்தை உத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கில்ல பேட்டி.” அவர் கண்ணை மூடினார். “ஆனா வாசனை ஞாபகம் இருக்கு. கிராம்பு எண்ணெய். அதுக்குக் கீழ மெழுகு.”

நாற்பது வருஷம் மூக்கை நம்பிப் பிழைத்த மனிதர். ஹானி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கிராம்பா?” என்றான் வேலு. “அப்போ பிரியாணி மாஸ்டர்தான்க்கா. ஐஸ் ஹவுஸ்லருந்து ஆரம்பிப்போம்.”

கரீமுல்லாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “கிராம்பு வேற, கிராம்பு எண்ணெய் வேற. அது நாக்குக்கு. இது மருந்து.”

“பல்லுக்கு,” என்றாள் ஹானி. “மெழுகு பல்செட் அச்சு எடுக்க. பழைய காலத்துப் பல் டாக்டர் யாரோ. கிளினிக்லேர்ந்து நேரா வந்திருக்காங்க, அதான் வாசனை போகல. அப்படின்னா நடக்கிற தூரம்.”

*

முதல் கிளினிக் கண்ணாடியும் ஏசியுமாகப் பளபளத்தது. கரீமுல்லா வாசலிலேயே தலையை ஆட்டிவிட்டார். எலுமிச்சை ஸ்பிரே. இரண்டாவது இடத்தில் கூரியர் தவிர வேறெதிலும் அனுப்புவதில்லை என்றார்கள். மூன்றாவதைத் தேடிக் கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் வண்டியை நிறுத்தியபோது மணி இரண்டே முக்கால். மாடிப்படியில் நான்கு படி ஏறியதும் கரீமுல்லா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

“இதுதான். இதேதான்.”

டாக்டர் ஜானகிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி. வந்தவர்கள் மூவரையும் வாயைப் பார்த்தபடியேதான் வரவேற்றார்.

“பத்தாம் தேதியா? நான்தான் போனேன். ஆத்துல யாரும் இல்லை, அசிஸ்டென்ட் சீதாவும் லீவு. மேல் மாடிக்காரனுக்கு நோட்டீஸ் அனுப்பினேன். தண்ணித் தொட்டி ஒழுகறது, ஒழுகறதுன்னு பதிமூணு தரம் வாயால சொல்லியாச்சு. இனிமே எழுத்துலதான்னு பதிவுத் தபால்ல போட்டேன்.”

“மேல் மாடிக்கா?” வேலுவுக்குத் தாங்கவில்லை. “ஒரு மாடி ஏறுறதுக்கு பதிலா தபால்காரரை ஏத்திட்டீங்களா டாக்டரம்மா?”

“சாட்சி வேணுமோன்னோ?” என்று சொல்லிவிட்டு டாக்டர் அலமாரியைத் திறந்தார். கோப்பில் குத்தி வைத்திருந்தார் ரசீதை. வெள்ளை வெளேரென்று. ஜூலை பத்து, பிற்பகல் மூன்று முப்பத்தெட்டு. நம்பர் தெளிவாக இருந்தது. ஹானி அதில் விரலை வைத்தாள்.

“கடைசி இலக்கம் மெஷின் சரிபார்க்கப் போடுறது, அதை விட்டுடு. அதுக்கு முன்னாடி நானூத்திப் பதினெட்டுன்னு முடியுது பார். நமக்கு வேண்டியது நானூத்திப் பத்தொம்பது. கடைசி இலக்கத்துக்கு பூஜ்யத்துலேர்ந்து ஒம்பது வரைக்கும் போட்டுப் பார். ஒண்ணுதான் உண்மையான நம்பரா இருக்கும்.”

வேலு மொபைலை எடுத்துத் தபால் தேடும் பக்கத்தைத் திறந்தான். ஒவ்வொரு முறையும் அது ஒரு கணக்குப் போட்டது. “ஏழும் ஆறும் எவ்ளோன்னு கேக்குதுக்கா. என் பொண்ணோட டீச்சரு கூட என்னை இப்டி கேட்டதில்ல.” பூஜ்யம், தவறு. ஒன்று, தவறு. இரண்டு, தவறு. நான்காவதில் பக்கம் திறந்தது. வேலுவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உலர்ந்து போயிற்று.

“இன்னா தேதி?” என்று அவன் மொழியிலேயே கேட்டாள் ஹானி.

“தேதி பத்துதான். ஆனா போன ஊரு கோயமுத்தூர்.”

கரீமுல்லா நோயாளி நாற்காலியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். ஹானி அவரைப் பார்த்த பார்வையில் இரக்கமும் இருந்தது, வக்கீல் குமாஸ்தாவின் சந்தேகமும் இருந்தது. பொய் சொல்லும் கட்சிக்காரர்களை அவள் வாழ்க்கையில் நிறையப் பார்த்தவள்.

“சாச்சா, என்கிட்ட மறைக்காதீங்க. பத்தாம் தேதிதானா? மறுநாள் இல்லையே?”

“என் மகள் மேல சத்தியமா பத்துதான் பேட்டி. அந்த வாசனை...”

ஹானியின் போன் அடித்தது. ரூஹி. ஸ்பீக்கரில் இல்லாமலே குரல் எல்லோருக்கும் கேட்டது. “அக்கா, நான் அடையாறு ஆபீசுக்கு வந்துட்டேன். நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூட காத்திருக்க மாட்டோம்னு இங்க தபால் பாக்கிற ரகுபதி சார் சொல்றாரு. ரசீது கிடைச்சுதா? அப்பா எங்க?”

“வந்துக்கிட்டிருக்கோம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மூன்று பத்து.

“டாக்டர், உங்களுக்குப் பின்னாடி தொப்பி போட்ட ஒரு பெரியவர் நின்னாரா?”

“நான் எங்கே பார்த்தேன்? பொண்ணோட போன்ல பேசிண்டு நின்னேன். முன்னாடியும் பார்க்கலை, பின்னாடியும் பார்க்கலை.”

வேலு கரீமுல்லாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் பொய் சொல்லவில்லை என்று அவனுக்கு அடித்துச் சொல்லத் தோன்றியது. மாடிப்படியில் நாலாவது படியிலேயே கண்டுபிடித்த மூக்கு அது. மூக்கு தப்பவில்லை. அப்படியென்றால் எது தப்பியது? பொக்கை வாயை ஆவென்று திறந்து காட்டிய ஆள் அவன் நினைவில் வந்து நின்றார். அந்த வாயில் பாக்கு இல்லை. ஆனால் பாக்கு வாடை இருந்தது. எங்கிருந்து வந்தது?

“அக்கா!” அவன் போட்ட சத்தத்தில் டாக்டரின் கண்ணாடி நழுவியது. “போஸ்டாபீஸ்ல ஃபேனு எங்க கீது?”

“வாசல் பக்கம். ஸ்டாண்ட் ஃபேன்.”

“அதான்! காத்து முதுகுப் பக்கமாத்தான் அடிக்குது. பாக்கு மென்னவன் எனக்குப் பின்னாடி நின்னான். நான் முன்னாடி நின்ன அப்பாவியப் புட்ச்சி சண்டை போட்டேன். பாயும் அதையேதான் பண்ணிகிறாரு. முன்னாடி ஒரு அம்மா நின்னுது, வாசனையும் வந்துச்சு, ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுட்டாரு. டாக்டரம்மா இவருக்கு முன்னாடி நிக்கலக்கா. பின்னாடி!”

ஹானி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. “நானூத்திப் பதினேழு. போடு.”

பூஜ்யம். ஒன்று. இரண்டு. வேலுவின் கட்டைவிரல் வேர்த்து வழுக்கியது. ஐந்து, தவறு. ஆறு, தவறு. ஒன்பதும் நான்கும் எவ்வளவு என்று கேட்டது மொபைல். பன்னிரண்டு என்று போட்டுத் தொலைத்து, திட்டு வாங்கி, மறுபடி போட்டான். ஏழு.

பக்கம் திறந்தது.

மயிலாப்பூர், ஜூலை பத்து, மூன்று முப்பத்தாறு. சேர்ந்த இடம் அடையாறு. கொடுத்தது ஜூலை பதினொன்று, பகல் பன்னிரண்டு இருபது.

கரீமுல்லா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் ஜானகி எதுவும் கேட்காமல் தன் பிரிண்டரை இயக்கி, அந்தப் பக்கத்தையும் தன் ரசீதின் நகலையும் எடுத்து நீட்டினார். “ஓடுங்கோ. அப்புறமா வந்து இந்தப் பையன் பல்லைக் காட்டட்டும். மேல் வரிசையில ரெண்டு சொத்தை.”

*

மந்தைவெளி வழியாகப் போனால் நான்கு மணிக்கு மந்தைவெளியில்தான் இருப்போம் என்று வேலுவுக்குத் தெரியும். சாந்தோம் பக்கம் திருப்பி, பட்டினப்பாக்கம் தொட்டு, ஆற்றுப் பாலத்தை நோக்கி விரட்டினான். பின்சீட்டில் கரீமுல்லாவின் உதடு ஓயாமல் ஓதிக்கொண்டிருந்தது. ஹானி மட்டும் அந்த அச்சுத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஏன்க்கா, ஜெயிச்சாச்சு, மூஞ்ச ஏன் அப்டி வெச்சிகினு கீற?”

“பதினொண்ணாம் தேதியே கொடுத்திருக்காங்க. இவங்க பதினஞ்சுன்னு முத்திரை குத்தியிருக்காங்க. நடுவுல நாலு நாள் அந்தக் கவர் எங்க இருந்துச்சு?”

மூன்று ஐம்பத்தேழுக்கு அலுவலகப் படியேறினார்கள். ரூஹி வாசலில் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே மேல்முறையீட்டு அதிகாரி, நரைத்த தலையும் கதர்ப் புடவையுமாக ஓர் அம்மாள். பக்கத்து மேசையில் தபால் பிரிவு எழுத்தர் ரகுபதி. ஹானி இரண்டு தாள்களையும் வைத்து, வரிசையையும் நம்பரையும் சுருக்கமாகச் சொன்னாள். அதிகாரி கவனமாகக் கேட்டார். முகம் கொஞ்சம் இளகியது.

ரகுபதி எழுந்தார். “மேடம், பத்தாம் தேதி யாரோ எதையோ அனுப்பியிருக்காங்க. ஒத்துக்கறேன். அது இவங்க மனுதான்னு இதுல எங்க இருக்கு? அடையாறுக்கு ஒரு நாளைக்கு எத்தனை தபால் வருது? கல்யாணப் பத்திரிகையாக்கூட இருக்கலாம்.”

அதிகாரி தாளைத் திருப்பிப் பார்த்தார். “அனுப்பினவர் பேர் இதுல இல்லைதான். அவர் கேக்கறதுல நியாயம் இருக்கே, அம்மா.”

ரூஹி அப்பாவின் கையை விடவில்லை.

ஹானி ரகுபதியை நிதானமாகப் பார்த்தாள். “உங்க தபால் பதிவேட்டுல பதிவுத் தபால் நம்பரைக் குறிக்கிறது உண்டா சார்?”

“கிடையாது. தேதியும் பேரும் மட்டுந்தான். அதுல பார்க்க ஒண்ணுமில்ல.”

அதைச் சொல்லும்போதே அவருடைய முழங்கை மேசைமேல் இருந்த நீளமான பதிவேட்டின்மீது போய் உட்கார்ந்தது. ஹானி அதிகாரியிடம் திரும்பினாள்.

“ஒண்ணுமில்லாத புத்தகத்தை சார் இவ்வளவு அழுத்தமா மூட வேண்டியதில்ல மேடம். ஒரு தரம் நீங்களே திறந்து பாருங்க. நம்பர் இல்லைன்னா நாங்க போயிடறோம்.”

பதிவேட்டுக்குள் என்ன இருக்கிறதென்று அக்காவுக்குத் தெரியாது. அவள் துணிந்து ஊகத்தில் கேட்கிறாள் என்பது வேலுவுக்கு நன்றாகத் தெரியும்.

“கொடுங்க ரகுபதி,” என்றார் அதிகாரி.

பதிவேடு கை மாறியது. பக்கங்கள் புரண்டன. ஜூலை பதினொன்று, காலைத் தபால் நாலைந்து வரி. அதற்குப் பிறகு வெற்றிடம். பன்னிரண்டு, வெற்றிடம். பதினைந்து, ஒரு பக்கம் நிறைய நெருக்கி நெருக்கி எழுதிய வரிகள். அதிகாரியின் விரல் ஒவ்வொன்றாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது. ஹானி கொடுத்த தாளை அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்து, இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார்.

“நானூத்திப் பதினேழு, ஏழு,” என்றார். “அனுப்பியவர் ரூஹி, திருவல்லிக்கேணி. இது யார் கையெழுத்து, ரகுபதி?”

ரகுபதி நின்றவாறே நாற்காலியைத் தேடினார். “என்னோடதுதான் மேடம். பதினொண்ணாம் தேதி மத்தியானம் தபால் கட்டை வாங்கி மேசை டிராயர்ல வெச்சேன். பொண்ணோட காலேஜ் கவுன்சிலிங். சொல்லாமப் போயிட்டேன். வெள்ளிக்கிழமையும் வரல. திங்கட்கிழமை வந்து மொத்தமா எழுதி முத்திரை போட்டேன். இவங்க மனுவுக்குக் கடைசித் தேதி தாண்டிடுச்சுன்னு அப்போ தெரியல. தெரிஞ்சப்புறம்... சொன்னா என் வேலை போயிடும்னு...”

“என் வேலை போயிருக்கும் சார்,” என்றாள் ரூஹி. சத்தம் போடாமல்தான் சொன்னாள். ரகுபதி அவளைப் பார்க்கவில்லை.

அதிகாரி கோப்பை இழுத்து, பச்சை மையில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். “மனு காலத்துக்குள்ள வந்தது. விசாரணைக்கு ஏத்துக்கிட்டேன். ரகுபதி, நீங்க வெளிய இருங்க. உங்க விஷயத்தை அப்புறம் பேசலாம்.”

கரீமுல்லா எழுந்து ஏதோ சொல்ல வந்தார். அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியை ரூஹிக்குக் காட்டினார்.

“உக்காருங்கம்மா. அன்னிக்கு வார்டுல என்ன நடந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க. அவசரமில்ல.”

ரூஹி உடனே உட்காரவில்லை. நான்கு மாதமாக அவளிடம் விளக்கம் கேட்டார்கள், கையெழுத்துக் கேட்டார்கள், அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். இந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

“மார்ச் எட்டு, மேடம். காலை ஷிஃப்ட். ஆறு பத்துக்கு நான் வார்டுக்குள்ள போனேன். ஏழாம் நம்பர் பெட்ல இருந்த பேஷண்ட் முழிச்சிட்டிருந்தாங்க...”

முதல் வரியில் குரல் நடுங்கியது. நான்காவது வரிக்கு வந்தபோது நடுங்கவில்லை.